இனிக்காத சர்க்கரை

போர்ச்சுகீசிய மொழியில் இது கடல் வெள்ளரி.
ஒஸ்னி அப்படித்தான் சொல்கிறான்,
ஈர உடுப்பைத் தோளிலிருந்து உரித்தபடி:
"இன்றைக்குப் பன்னிரண்டு. பிஞ்சு ஒன்றுகூட இல்லை."
குவானபாரா வளைகுடாவின் வாய்ப்புறத்தில்,
எண்ணெய்க் கப்பல்கள் முறைக்குக் காத்து நிற்கும் இடத்துக்கும் அப்பால்
பாறையடியில் பொறுக்கியவை.

வாளியை வாங்கிக்கொள்கிறவள் லிந்தால்வா.
பதினேழு வருஷமாக வாங்குகிறாள்.
பயந்துபோன ஒன்று
தன் குடலையே கக்கிவிட்டுக் கிடக்கிறது,
இதை வைத்துக்கொள், என்னை விடு என்பதுபோல.
அவளுக்குக் குடல் வேண்டாம்.
தோல்தான் வேண்டும்.

அரிந்து, பப்பாளிப் பாலின் நொதியில்
ஒரு பகலும் ஓர் இரவும் வெதுவெதுப்பில் ஊறப்போட்டால்
சதை சிதைந்துவிடும், சர்க்கரை தப்பிவிடும்.
சாராயம் ஊற்ற ஊற்ற
குடுவையின் அடிக்கு ஒரு வெண்மேகம் இறங்கும்.
நாக்கில் வைத்தால் இனிக்காது.
வைக்கக் கூடாது என்பது விதி.
ஒருமுறை வைத்தாள்.

பிறகு இரத்தநீர். முப்பத்தேழு பாகை. கடிகாரம்.
சர்க்கரை சேராத குழாய்
முப்பத்திரண்டு நொடியில் கட்டி தட்டுகிறது.
ஒரு சிட்டிகையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்த குழாய்
அறுபதில் ஓடுகிறது.
நூறில் ஓடுகிறது.
முந்நூறில் இயந்திரம் சலித்துப்போய்
தானாக அணைகிறது.

கிளெவுசா அவள் அக்கா.
செவ்வாய், வியாழன், சனி
சிறுநீரகம் செய்யாததை ஓர் இயந்திரம் செய்கிறது.
குழாய்க்குள் இரத்தம் உறையாதிருக்க
பன்றிக்குடலிலிருந்து எடுத்த மருந்து போகிறது.
கோவில் மாறிய நாளிலிருந்து
பன்றியைத் தொடாதவள் அவள்.
"விரதம் வாய்க்குத்தானே, நரம்புக்கா?" என்று சிரிப்பாள்.
"உன் வெள்ளரி எப்போது வரும்?"
"எலிவரை வந்திருக்கிறது."
"அப்படியானால்
எனக்கு முன்னால் வரிசையில் எலி."

தமிழில் இதன் பெயர் கடல் அட்டை.
ஒரு சொட்டும் உறிஞ்சத் தெரியாத பிராணிக்கு
அபாண்டமான பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.
சேற்றட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காது,
அது விட்டுப்போன பிறகும் கசியும்.
பெயர் வைத்தவன் உருவத்தைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.
குருட்டாம்போக்கில் எறிந்த கல்
ஒரு மாங்காயைத் தட்டியிருக்கிறது.

இதை லிந்தால்வாவிடம் சொல்ல எனக்கு மொழி போதவில்லை.
அவள் எனக்குச் சொன்னது இவ்வளவு:
அந்தச் சர்க்கரை ஒரு நெடுஞ்சங்கிலி.
சங்கிலி நம் முழங்கால் குருத்தெலும்பிலும் உண்டு,
அச்சு அசல் அதே கண்ணிகள்.
இதில் மட்டும்
கண்ணிக்குக் கண்ணி கிளை விட்டிருக்கிறது.
மெல்லிய அமிலத்தில் கிளைகளைக் கழித்துப் பார்த்தாள்.
முதுகு முழுசாக நின்றது.
இரத்தநீர் முப்பத்து நான்கில் உறைந்தது.

எதற்காக அந்தக் கிளை?
நமக்காக இல்லை.
எந்தக் கடல் பிராணியும் நம்மை நினைத்துத்
தோல் வளர்ப்பதில்லை.

சனிக்கிழமை. வாசலில் ஒஸ்னி.
பாறைச் சிப்பி கட்டைவிரலைக் கிழித்துவிட்டது,
படியில் சிவப்புப் பொட்டுகள்.
வாரம் முழுக்க
இரத்தம் உறையாதே என்று வேலைசெய்தவள்
அவன் விரலைப் பஞ்சோடு பிடித்து அழுத்துகிறாள்.
"அசையாதே. உறையட்டும்."

பழக்கதோஷம்,
இன்னொரு கை
கடிகாரத்தை அழுத்திவிட்டது.