அரசிக்குப் பசித்த இரவு

மேடை விளிம்பில், சிப்பி மூடிக்கு அடியில் என் பெட்டி.
வாசகம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவன் நான்.
இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்ததெல்லாம்
கணுக்கால்கள்.

அவற்றுக்கு மேலே எங்கோ
அரசர்கள் இறந்தார்கள், பன்னிரண்டு அசையில்.
ஆறாவதில் மூச்சு, பன்னிரண்டாவதில் முற்று.
விரல் மடித்து எண்ணுவேன். தளை தட்டியதே இல்லை.
யாரும் தும்மவில்லை. யாருக்கும் வியர்க்கவில்லை.
ரத்தம்கூடத் திரைக்குப் பின்னால்தான்;
தூதன் ஒருவன் வந்து
நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போவான்.

பிறகு இந்தப் பையன் வந்தான்,
காலரில் பொத்தான் இல்லாமல், பிரதியெல்லாம் மை சிந்தி.
அவன் வரி வரியில் நிற்கவில்லை. ஒரு சொல்
படி தாண்டி அடுத்த
வீட்டுக்குள் விழுந்தது.
ஒத்திகையில் என் விரல் பாதி மடிந்து நின்றுவிட்டது.

நான்காம் அங்கம். சிறையில் அரசி.
"பசிக்கிறது" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான்.

மத்மசேல் வில்மேர் பிரதியைத் தரையில் போட்டாள்:
"அரசிகளுக்குப் பசிக்காது, ஐயா.
வேண்டுமானால்
உதரத்தில் மூண்ட கொடுந்தழல் என்கிறேன்."
மாட்டேன் என்றான். மூன்று வாரம் மாட்டேன் என்றான்.
மேலாளர் என் பிரதியில்
இரண்டையும் எழுதிவைத்தார், ஒன்றின் மேல் ஒன்றாக,
எதையும் அடிக்காமல்.

முதல் இரவு.
மேல்மாடத்தில் தாடி வைத்த ஓவிய மாணவர்கள், பூண்டு வாசம்.
கீழே வழுக்கைத் தலைகள்,
ஊதிச் சீழ்க்கையடிக்க ஆளுக்கொரு துளைச்சாவி.
இரண்டாம் அங்கத்துக்குள் ஒரு நாற்காலி போயிற்று,
யாருடைய பல்லோ போயிற்று என்றும் சொன்னார்கள்.

நான்காம் அங்கம். கணுக்கால்கள் நின்றன.
மறந்தாளோ அஞ்சினாளோ, தெரியாது.
குனிந்தாள்.
முதல்முறையாக அவள் முகம்:
பவுடருக்கு அடியில் ஐம்பது வயது,
மூக்கோரம் ஒரு மச்சம்.

என் மடியில் இரண்டு வாசகங்கள்.
தழல், அசைக்கு அசை, கச்சிதம்.
நானோ காலையிலிருந்து ஒரு வெங்காயத்தோடு.
சம்பளம் வெள்ளிக்கிழமை.
ரொட்டி இருபது சூ.

"பசிக்கிறது" என்றேன்.

சொன்னாள்.
நடிக்காமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல,
கொஞ்சம் வெட்கத்தோடு.

பிறகு எழுந்தது கைதட்டலா சாவியா,
பெட்டிக்குள் எல்லாம் ஒன்றுதான்: மரம் அதிரும்.
இருபத்திரண்டு ஆண்டுத் தூசி
பிரதியில் கொட்டியது.
ஊதித் தள்ளிவிட்டு
வரியின் முடிவைத் தேடினேன். அது அங்கே
முடியவில்லை.