சாட்சிப் பொருள் இரண்டு

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில்
ஒரு காரின் உதிரிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து
ஆளுக்கொரு காலுறைக்குள் வந்தார்கள்.
துவைக்காத காலுறை.
வழக்கு முடியும்வரை
இவர்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது.
சாட்சிப் பொருள் ஒன்று.
சாட்சிப் பொருள் இரண்டு.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
இந்தத் தீவில் வேலியும் அரசாங்கத்துடையது,
இப்போதைக்கு ஓணானும்.
பின்நேர ஷிப்ட் மட்டும் என்னுடையது.

சுங்கை தெங்காவில் மழை.
சுவர் வியர்க்கிறது.
இவர்களோ ஆஸ்திரேலியப் பாலையின் வம்சம்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் வாளியை
ஒரு ஷிப்டுக்கு மூன்று தரம்
கழிவறையில் கொட்டுகிறேன்.
பாலைவனம் செய்வது
இத்தனை தண்ணீர் சுமக்கும் வேலை என்று
யாரும் சொல்லவில்லை.

விளக்கடியில் நாற்பது பாகை,
மறுகோடியில் இருபத்தேழு.
வெயில் வேண்டுமா நிழல் வேண்டுமா,
நடந்துபோய் அவர்களே முடிவுசெய்துகொள்ளட்டும்.
மணல் வேண்டாம், விழுங்கினால் குடலில் அடைக்கும்.
தரைக்கு நேற்றைய நாளிதழ்,
படுக்க மிஞ்சிப்போன குளியலறை ஓடு.
ஊதாக் கதிர்க் குழலை ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும்:
வெளிச்சம் இருக்கும்,
வெயில் அதற்குள் செத்துப்போயிருக்கும்.

வெட்டுக்கிளியும் சில்வண்டும்
இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப்
பெரிதாக இருக்கக் கூடாது.
நான் பிளாஸ்டிக் பைக்குள் சில்வண்டுகளைப் போட்டு
சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிக் குலுக்குவேன்.
கல்யாண வீட்டுக்குப் பவுடர் பூசிக் கிளம்பியவர்கள்போல்
வெளுத்து வெளியே வருவார்கள்.
மன்னிப்பு கேட்க நேரமிருக்காது.

தங்கை அல்லி வாய்ஸ் மெசேஜில் சிரிக்கிறாள்:
"வேலியில போன ஓணான மடியில கட்டிக்கிட்டு
குத்துதே குடையுதேன்னாளாம்."
அவளுக்கு ஒரு படம் அனுப்பினேன்.
ஒன்று இரண்டின் முதுகில் ஏறிப் படுத்திருக்கிறது,
தாடையைத் தலைமேல் சாய்த்து.
அல்லி ஏழு இதயங்கள் அனுப்பினாள்.
நானும் பத்து நாள்
அதை அன்பென்றுதான் குறித்துவைத்தேன்.

எடைபோட வந்த ரோஸ்லான்
தராசைப் பார்த்தார், பிறகு என்னை.
இரண்டு: அறுபத்தொன்றிலிருந்து நாற்பத்தெட்டு கிராம்.
"கட்டிப்பிடிக்கலை இது.
மேல இருக்கறது
கீழ இருக்கறதோட வெயில எடுத்துக்குது."

அப்போ அந்தக் கையசைப்பு?
மெல்ல, மிக மெல்ல
முன்னங்காலைத் தூக்கி வட்டமாய்
யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல?

"நான் ஒண்ணுமில்ல, என்ன விட்டுடு,
அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்" என்றார்.

நான் பதிலுக்குக் கையசைத்த
எல்லா மாலைகளும் ஞாபகம் வந்தன.

அன்றே இரண்டாவது தொட்டி.
இன்னொரு விளக்கு, இன்னொரு குழல்,
இன்னொரு படிவம்: ஏன் இரண்டு என்று காரணம் கேட்டது.
'சாட்சி இளைக்கிறது' என்று எழுதினேன்.

தனியாக விட்ட பிறகும்
இரண்டு கையசைத்துக்கொண்டே இருந்தது,
கண்ணாடியில் தெரிந்த தன்னிடமே.
மூன்று பக்கமும் தாள் ஒட்டினேன்.
வீட்டு விலை விளம்பரங்கள் உள்பக்கம் பார்த்தபடி:
மூன்றறை, கடல் காட்சி, உடனே குடிபுகலாம்.

பதினோராம் நாள் ஓட்டின்மேல் ஏறியது.
வயிற்றைத் தட்டையாக்கி
முழு வெயிலையும் ஒருவரே வாங்கும் பழக்கமில்லாமல்
முதலில் ஓரமாகத்தான் படுத்தது.

முருங்கைக்கீரையைத் தொடவில்லை.
பூசணித் துருவலை நக்கிப் பார்த்தது.
பசலை கொடுக்க மாட்டேன்,
அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும்.
சில்வண்டு மூன்று தின்றது.
நான்காவது தப்பி ஓட்டுக்கு அடியில் ஒளிந்தது.

அடுத்த மாதம் விசாரணை.
பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று நான் கேட்பதில்லை,
ரோஸ்லானும் சொல்வதில்லை.
'நிலை' என்ற கட்டத்தில்
ஐம்பத்திரண்டு கிராம் என்று எழுதி
எட்டு மணிக்கு விளக்குகளை அணைக்கிறேன்.

இருட்டில்
தாடிக்காரர் இருவரும் தூங்க,
பொடி பூசிய அந்த நாலாவது விருந்தாளி
ஓட்டுக்கு அடியிலிருந்து
சத்தம்போட ஆரம்பிக்கிறது.

கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது.
பிடிக்கவேண்டும்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
கொஞ்சம் கேட்கிறேன்.