ஆறு புள்ளி எட்டு

இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஆய்வகத்திலிருந்து போன்.
கலியமூர்த்தி உடனே எமர்ஜென்சிக்கு வர வேண்டும்,
அவர் வண்டி ஓட்டக் கூடாது.

அவரோ தட்டு வழித்துக்கொண்டிருந்தார்.
"எனக்கென்ன?
கால் ரெண்டும் கொஞ்சம் கனக்குது, அவ்வளவுதானே."

சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சினுக்குச் சூடேற்றச் செருகிய வயரைப்
பிடுங்க மறந்து ரிவர்ஸ் எடுத்தேன்.
அறுந்த வயர் வழியெல்லாம்
பனியைக் கீறிக்கொண்டே வந்தது.

ஆறு புள்ளி எட்டு.
ஐந்தைத் தாண்டக் கூடாதாம்.
குழாய்க்குள் அணுக்கள் உடைந்தால்
ரத்தமும் பொய் சொல்லும் என்று
மறுபடி குத்தி எடுத்தார்கள்.
பொய் சொல்லவில்லை.

ஈ.சி.ஜி. தாளில்
வரிசையாகக் கூடாரங்கள்,
யாரோ திருவிழாவுக்கு இடம் பிடித்த மாதிரி.
நர்ஸ் மாரிசெல் அதைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்க்கவில்லை.

முதலில் கால்சியம்.
"இது பொட்டாசியத்தைக் குறைக்காது,
இதயத்துக்குக் கொஞ்ச நேரம் காவல் நிற்கும்."
பிறகு இன்சுலின், துணைக்கு குளுக்கோஸ்:
ரத்தத்தில் திரிவதை
அணுக்களுக்குள் தள்ளிக் கதவைச் சாத்த.
பிறகு ஈரமணல் மாதிரி ஒரு கரைசல்:
குடலில் பிடித்து வெளியே கொண்டுபோக.
அதைக் குடித்துவிட்டு
"இதுக்கு உன் கேப்பைக்கூழ் தேவலை" என்றார்.

விடியற்காலை மூன்றுக்கு மருந்தாளுநர் வந்தாள்.
மாத்திரை? பிரஷருக்கு ஒன்று.
சிறுநீரகம்? போன வருடமே பாதி வேலைதான் என்றார்கள்.
இளநீர்? டப்பாவில், எப்போதாவது.
உப்பு?

இதற்குத்தான் காத்திருந்தேன்.
"சாதா உப்பையே நிறுத்திவிட்டேன்.
மாற்று உப்புதான், மூன்று மடங்கு விலை."
அவள் பேனா நின்றது.
"அந்த டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?"

மகளை எழுப்பிப் படிக்கச் சொன்னேன்.
கொட்டாவிக்கு நடுவே படித்தாள்:
பொட்டாசியம் குளோரைடு.
பிறகு
"அம்மா, இது அப்பா வெட்டுறதுதானே?"

அதேதான்.
நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டியவர்
இங்கே கோதுமை வயலுக்கு ஒரு கிலோமீட்டர் கீழே
வற்றிப்போன கடலின் பொட்டாஷை வெட்டுகிறார்.
இளஞ்சிவப்புத் தூள் பூட்ஸில் ஒட்டி வரும்.
வாசலிலேயே தட்டிவிட்டு வா என்று
ஒன்பது வருடமாகக் கத்துகிறேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பிட்டவள் நான்.
உள் நின்றுபோகும் அளவுக்கு இட்டிருக்கிறேன்.

அவரிடம் சொன்னேன், தலை நிமிராமல்.
மார்பில் ஒட்டிய வயர்களெல்லாம் குலுங்கச் சிரித்தார்.
மானிட்டர் பயந்து கத்தியது.
"டாக்டர் சொன்னாரு,
பொட்டாசியத்துக்கு இன்னொரு பேரு கலியமாம்.
எங்கப்பா பேரு வைக்கும்போதே
தெரிஞ்சு வச்சிருக்காரு."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நான்கு நாள் கழித்து
கடையில் தக்காளி பொறுக்கும்போது வந்தது.

இப்போது உருளைக்கிழங்கைத் தோல் சீவி,
மெல்லிசாக நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு,
நிறைய நீரில் வேகவைத்து
அந்த நீரைக் கொட்டிவிடுகிறேன்.
கஞ்சித் தண்ணீரையும் கொட்டாத வீட்டில் பிறந்தவள்
கை நடுங்கத்தான் கொட்டுகிறேன்.
தக்காளி ஒன்று, அதுவும் சின்னது.
பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.
டப்பாக்களின் முதுகைப் படிக்கக் கண்ணாடி வாங்கினேன்.
புதன்தோறும் ரத்தம்:
ஐந்து புள்ளி நான்கு, ஐந்து புள்ளி ஒன்று,
ஒரு புதன் மறுபடி ஐந்து புள்ளி ஆறு.
அன்று யாருக்கும் தெரியாமல்
வாழைப்பழம் தின்றதை ஒப்புக்கொண்டார்,
பாதிதான் என்றார்.

மீதி மாற்று உப்பை
வாசற்படிப் பனியில் கொட்டினேன்,
உருகட்டும் என்று.
அந்தக் குளிருக்கு அது உருக்கவுமில்லை.
மார்ச் வரைக்கும்
அங்கேயே கிடந்தது, வெள்ளையாக.
வேலைக்குப் போகும்போது
அவர் அதைத் தாண்டித்தான் போனார்.