சல்லடை

மூன்று கார்பரேட்டர், இரண்டு மூடி.
நடுவில் உள்ளது வாய் திறந்து கிடக்கிறது
முன்பல் விழுந்த பிள்ளை மாதிரி.
பதினொரு வருடமாய் அதன்மேல்
ஒரு மத்திமீன் டப்பாவைக் கவிழ்த்திருக்கிறேன்.
எத்தனை கழுவினாலும் வாடை போவதில்லை.

வண்டி முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு,
கூரையை நாலு அங்குலம் வெட்டி இறக்கியது.
மூடிகள், உள்ளங்கை அகல அலுமினியத் தொப்பிகள்.
முதுகில் பதினேழு வரி,
வயிற்றில் உளியால் கொத்திய எண்.
ஒன்று. மூன்று.
ஃப்ரீமான்டில் ஒருத்தன் இரண்டு வருடம் வார்த்தான்,
பிறகு பட்டறை எரிந்தது.
அவ்வளவுதான் வரலாறு.

லிங்கன் சந்தைத் திடலில் விடியற்காலை நாலு மணிக்கு
டார்ச் விளக்கும் உறைந்த விரல்களுமாய்
தார்ப்பாய் தார்ப்பாயாகக் குனிந்தேன்.
ஹேஸ்டிங்ஸில் ஒரு துருக்கொட்டகை. பிறகு
கியர்னியில் இறந்தவன் வீட்டு ஏலம்.
காற்றைச் சலிக்கிற சாமான் ஒன்றுக்காக
நெப்ராஸ்கா முழுக்கச் சல்லடை போட்டேன்.
சலித்தேன், சலித்துப்போனேன்.

அர்வின் குச்சேரா ஒன்றை நீட்டினான்.
கண்ணை மூடி நகத்தால் வரியை எண்ணினேன்.
பதினாறு.
நகல். திருப்பிக் கொடுத்தேன்.
அவன் கூச்சப்படவே இல்லை.

பெர்னடெட் சொல்வாள்:
"பன்னிரண்டு டாலருக்குக் காகித ஃபில்டர் வருது,
இதைவிட நல்லாச் சலிக்கும்."
உண்மைதான். அதனால் பதில் சொல்லவில்லை.

பகலில் எனக்குச் சோளக் கிடங்கில் வேலை.
முப்பது வருடத் தூசு.
மூக்கில் நான் எதையும் மாட்டிக்கொண்டதில்லை.

போன அக்டோபரில் ஒரு தொலைபேசி.
சாட்ரனுக்கு மேற்கே, இமோஜின் ட்வோராக்.
ஆறு மணி நேரம் ஓட்டினேன்.
மணல்மேடுகள், மாடு, மணல்மேடுகள்,
ஒரு காற்றாடி, மறுபடி மாடு.
உறையில் ஆயிரத்து நானூறு டாலர்,
சட்டைப்பைக்குள் இன்னொரு நெஞ்சு மாதிரி.

பாத்திரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து
மேசையில் வைத்தாள்.
பதினேழு வரி.
புரட்டினேன்: இரண்டு.

நான் வாய் திறக்கும் முன்
அவளும் ஓர் உறையை வைத்தாள்.
என்னுடையதைவிடத் தடிமன்.
"ஒண்ணும் மூணும் உங்கிட்ட இருக்காமே?
எவ்வளவுன்னு சொல்லு."

கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.
முப்பத்து நாலு, பச்சை, கதவு அவளே அடித்து நிமிர்த்தியது.
மூன்று கார்பரேட்டர்.
இரு ஓரத்திலும் பீச்சுப்பழ டப்பா.

பேரம் இருட்டும்வரை நடந்தது.
அவள் ஒற்றைக் காலில் நின்றாள்,
நான் மற்றதில்.
ஒரு தடவை நாணயத்தைக்கூடச் சுண்டினாள்;
தலையா பூவா என்று கேட்க
இருவருக்குமே துணிவு வரவில்லை.
அது கம்பளத்தில் விழுந்து
சோபாவுக்கு அடியில் போயிற்று.
பன்றிக்கறியும் முட்டைக்கோசும் போட்டாள். நன்றாக இருந்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கு எழுபத்தொன்று.
உப்பை நகர்த்தும்போது
இருவரும் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தோம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

வாசலில் கேட்டாள்:
"நடுவுல என்ன கவுத்திருக்க?"
"மத்தி."
"அடப்பாவி," என்று உள்ளே போய்
கழுவிக் காயவைத்த பீச் டப்பா ஒன்றைத் தந்தாள்.
அளவு கச்சிதம்.

டாக்டர் விளக்கில் பிடித்துக் காட்டிய
என் நெஞ்சுப் படத்தைப் பற்றி
அவளிடம் மூச்சுவிடவில்லை.
விலை படியாத பொருளுக்கு
எதிராளியிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது.