ஈரப்பதம் இருபத்திரண்டு

இரண்டையும் ஒரே நாளில் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.
பிரான்ஸின் மேற்கு முனை, மார்ச் மாதம்,
முட்டுக்கொடுத்துத் தரையில் நிறுத்திய இரண்டு பாய்ப்படகுகள்.
என் தொழில் எளிது: பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல்,
ஈரம் அளக்கும் கருவி, மண்டியிடப் பழகிய முழங்கால்.
நல்ல இடம் 'டண்' என்னும்.
கெட்ட இடம், அழுகத் தொடங்கிய முலாம்பழம்போல, 'தொப்'.
அது சொல்வதை எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான்.

எழுபத்து மூன்றில் பிறந்தது முதல் படகு.
ஃபைபரை அப்போது யாரும் முழுசாக நம்பவில்லை;
நம்பாத கையால் மேலும் மேலும் பூசியிருக்கிறார்கள்.
சுவர் என் கட்டைவிரல் தடிமன்.
ஒடுங்கிய இடுப்பு. அணியத்திலிருந்து சுக்கான்வரை ஓடும் நீளக் கீல்.
உள்ளே ஒருவர் காலுறை மாட்டினால்
மற்றவர் வெளியே நிற்கவேண்டும்.
பின்னால் போ என்றால் யோசிக்கும்,
யோசித்துவிட்டு இடப்பக்கம் போகும்.

மற்றது இரண்டாயிரத்துப் பதினேழு.
கூடம்போல் அகன்ற பின்புறம்; இரண்டு சக்கரம், இரண்டு சுக்கான்.
நிமிர்ந்து நிற்கலாம், சோம்பல் முறிக்கலாம்.
பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு நீள ஜன்னல்:
கடல் முழங்கை உயரத்தில்.
காற்று முதுகில் வந்தால் பன்னிரண்டு நாட் பறக்கும் என்றார் தரகர்.
முகத்தில் வந்தால் என்னவென்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
மூன்று அறை உள்ள படகில்
ஒவ்வோர் அலைக்கும் ஓர் அறை.
கரண்டிகள் இழுப்பறைக்குள் சண்டைபோடும்.

வாங்க வந்தவர்கள் அசெனோர், கூல்வென்.
படகில் குடியேறப் போகிறவள் அவள்,
பல் மருத்துவமனை வேலையை விட்டு, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு.
அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் போதும்.
பழசைத் தடவிக்கொண்டு அவள் நிற்பாள் என்று நினைத்தேன்.
இல்லை. நேரே அந்த ஜன்னலுக்குப் போனாள்.
பந்தயக்காரன்தான் பழசின் வயிற்றை விட்டு நகரவில்லை.

"கணக்குப் பாருங்கள்" என்றான்.
"கிழப் படகுக்குச் சலுகை நேரம் உண்டு.
நாற்பது நிமிடம் பிந்தி வந்தாலும் காகிதத்தில் நான்தான் முதல்."
"காகிதத்தில் நான் தூங்க முடியுமா?" என்றாள்.

தட்டினேன்.
பழசின் சுக்கானடியில் ஈரப்பதம் இருபத்திரண்டு.
ஐம்பது வருஷக் கடலைக் கொஞ்சம் குடித்துவிட்டு
வெளியே காட்டிக்கொள்ளாமல் நிற்கிறது.
புதுசின் கீலுக்குப் பின்னால், புது வண்ணத்துக்கு அடியில்,
முடியளவு ஒரு விரிசல். எங்கோ பாறை முட்டியிருக்கிறது.
உள்ளே பார்க்கலாம் என்றால் எல்லாம் ஒட்டி மூடிய அச்சு;
என் சுத்தியல் போகாத இடத்தில்தான் அதன் எலும்பு.
பழசில் ஒவ்வொரு திருகையும் விரலால் தொடலாம்.
தொட்டால் துருவும் கூடவே வரும்.

பத்தொன்பது பக்க அறிக்கை.
பரிந்துரை என்ற தலைப்பு அதில் கிடையாது.
"உங்கள் பணம் என்றால்?" என்றார்கள், எல்லோரும் கேட்பதுபோல.
எனக்குப் படகு இல்லை. மாடிக் குடியிருப்பு.
அதன் சுவரை இதுவரை தட்டிப் பார்த்ததில்லை.

விரிசலுக்கு விலை குறைத்துப் புதுசை வாங்கினாள்.
நவம்பரில் ஒரு குறுஞ்செய்தி, விடிகாலை மூன்று மணிக்கு:
"கட்டிலுக்கடியில் யாரோ கைதட்டிக்கொண்டே இருக்கிறார்கள்."
அகலப் பின்புறத்தில் சிற்றலை மோதும் சத்தம்.
அணியம் காற்றைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டுங்கள் என்றேன்.
மூன்றாம் நாள் பதில்:
"திருப்பினால் ஜன்னலில் மீன் கிடங்கு.
சத்தமே இருக்கட்டும்."

பழசை ரிவால் என்ற தபால்காரர் எடுத்துக்கொண்டார்.
கூல்வென் அதில் முன்பாய் இழுக்கும் கூலியில்லா ஆள்.
ஞாயிறுகளில் கடைசியாகத்தான் வருகிறார்கள், தொப்பலாக நனைந்து;
சில வாரம் காகிதத்தில் ஜெயிக்கிறார்கள்.
துறைமுக வாயில் திரும்பும்போது அவன் தலை நிமிராது,
கையில் கயிறு.
நீள ஜன்னலில், தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே,
ஒரு காப்பிக் கோப்பை உயரும்.