சுவரில் இருப்பதை உருவக்கூடாது

முதல் நாள் மண்ணைத் தொடவிடவில்லை.
நான்கு முளைக்குச்சி, ஓர் உருண்டை நைலான் நூல்,
மூன்று, நான்கு, ஐந்து என்று டேப் பிடித்து
மூலைமட்டம் பார்த்ததிலேயே வெயில் ஏறிவிட்டது.
சிலைமான் தாண்டி, வைகைக்குத் தெற்கே,
இரண்டு தென்னைகளுக்கு நடுவில்
காற்றில் ஒரு சதுரம் கட்டினோம்.
உள்ளே இருந்தது
வெளியே இருந்த அதே பூமிதான்.
ஆனாலும் அதற்குள் செருப்போடு போகக்கூடாது என்றார்கள்.

கரண்டி பிடிக்க வரவில்லை எனக்கு.
குத்தாதே, நோண்டாதே,
தோசைக்கல் சுரண்டுவதுபோல் உன் பக்கமாக இழு
என்றாள் ஒச்சம்மா. என் வயதுதான், தினக்கூலி.
அவளுக்கு இது மூன்றாவது குழி.
எனக்கு முதுகலைப் பட்டயம்.

மண்ணுக்கு நிறம் எழுத வேண்டும்.
அதற்கொரு அட்டைப் புத்தகம்,
பக்கம் பக்கமாய்ப் பழுப்புச் சதுரங்கள்.
ஈரமண்ணை விரல்நுனியில் எடுத்து
ஓட்டைக்குப் பின்னால் பிடித்து ஒப்பிட்டு
பத்து ஒய்ஆர், நாலு பை மூணு.
பக்கத்தில் பென்சிலால் 'சுக்குக் காப்பி' என்று எழுதினேன்.
தில்ஷாத் மேடம் அடித்துவிட்டார்.
நான்கு நாள் கழித்து
குழிக்கு மேலே நின்று அவரே கேட்டார்,
"அந்தச் சுக்குக் காப்பி எதுவரைக்கும் போகுது?"

ஓடு. ஓடு. மறுபடி ஓடு.
உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவிச்
சாக்கில் காயவைத்தால்
யாரோ வற்றல் போட்ட மாதிரி.

மேற்குச் சுவரில் மட்டும்
ஒரு பானையின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.
உடம்பு சுவருக்குள்.
லேசாக ஆட்டினால் கையோடு வந்துவிடும்.
ஆட்டக்கூடாது.
சுவரில் இருப்பதை உருவக்கூடாது.
பக்கத்தில் குழி போட்டால் அடுத்த வருடம்,
போடாவிட்டால் இல்லை.
ஒன்பது நாள் அதன் எதிரில் குந்தி
வரைதாளில் அதன் பாதியைப்
புள்ளி புள்ளியாய் வைத்தேன்.
ஆடும் பல்லுக்கு நாக்கு போவதுபோல்
டீ குடிக்கும்போதும் கண் அங்கேயே போனது.

இரண்டு மீட்டர் பத்தில்
ஒச்சம்மா கூப்பிட்டாள். ஏதோ கிடைத்த குரல்.
ஓடினோம். முத்திருளாண்டி கையில் டீ கிளாஸோடு.
ஓடுகளுக்கு நடுவே
மடிப்புக் கலையாமல்
மாங்காய்ப் படம் போட்ட ஊறுகாய் பாக்கெட்,
விலை ஒரு ரூபாய்.

யாரும் பேசவில்லை.
மேடம் குப்புறப் படுத்து
கரண்டிக் காம்பால் மண்ணைத் தட்டிக்கொண்டே போனார்.
டண் டண் டண். ஓரிடத்தில் மட்டும்
பொத்.
"எலி" என்றார்.

எத்தனையோ நூற்றாண்டை
ஒரே ராத்திரியில் இறங்கியிருக்கிறது,
வாயில் ஊறுகாயோடு.
அதன் வளைக்குத் தனி எண் கொடுத்துத்
தனியாகத் தோண்டினோம், அரை நாள்.
பாக்கெட்டுக்கும் சீட்டு எழுதினேன்:
குழி, கால்பகுதி, ஆழம், தேதி.
குறிப்பு என்ற கட்டத்தில் 'எலி'.

கடைசி நாள் அடியில் தார்ப்பாய் விரித்தோம்.
அதன்மேல் ஓர் ஐந்து ரூபாய்க் காசு, இந்த வருடத்தது,
இனி வருகிறவர்களுக்கு
இதுவரை வந்தோம் என்று சொல்ல.
காசு ஒச்சம்மாவுடையது.
முத்திருளாண்டி இன்னும் திருப்பித் தரவில்லை.
எடுத்த மண்ணையே தள்ளி மூடினோம்,
பானைக் கழுத்தையும் சேர்த்து.
தோப்புக்காரர் சுற்றி வந்து பார்த்து
"ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கே" என்றார்,
திருப்தியாக.

போன செவ்வாய் சிம்மக்கல்லில்
பாதாளச் சாக்கடைக்குத் தெருவை வெட்டியிருந்தார்கள்.
பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன்.
தார். ஜல்லி. மறுபடி தார். செங்கல் பொடி.
ஒரு விரற்கடைச் சாம்பல். அதன் கீழே
சுக்குக் காப்பி.
தடுப்புக் கம்பியில் வயிறு அழுந்தக் குனிந்து
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஜேசிபிக்காரர் எஞ்சினை அணைத்தார்.
"என்னம்மா, உங்க வீட்டு கனெக்‌ஷனா?"

வலப்பக்கச் சுவரில்
ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.
கை எட்டும் தூரம்தான்.