மூண்டு முழம்

அவவின்ர முகம் எனக்குத் தெரியாது.
முதுகு தெரியும்.
ஊதாச் சட்டை, ஈரம் காயாத கொண்டை,
பின் மட்காட்டில் நூலால் கட்டின பழைய சீடி ஒண்டு.
என்ர வான் வெளிச்சம் பட்டால்
அது ஒருக்கால் மீன் மாதிரித் துள்ளும்.

உரும்பிராய்ச் சந்தி தாண்டேக்க
காலமை ஐஞ்சு ஐம்பது.
பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு
ஆறே காலுக்கு ரவுணில் நிக்கவேணும்.
பலாலி வீதி முந்திக் குண்டும் குழியுமாய்க் கிடந்தது.
அப்ப எல்லாருக்கும் ஒரே வேகம்,
காருக்கும் சைக்கிளுக்கும் மாட்டுக்கும்.
பிறகு காப்பெட் போட்டாங்கள்,
கறுப்பாய், வழுவழுப்பாய்,
கரையில் ஒரு வெள்ளைக் கோடும் கீறி.
கோட்டுக்கு வெளியில ஒரு சாண்.
அந்தச் சாணுக்குள்ளதான் அவ.

நான் கோர்ன் அடிப்பன்.
கெட்ட எண்ணத்தில் இல்லை,
வாறன் எண்டு சொல்ல.
அவவின்ர தோள் சுருங்கும்,
சில்லு மண்ணுக்குள்ள இறங்கும்,
நான் போயிடுவன்.
கண்ணாடியில் பார்த்தால்
தூசிக்குள்ள ஒரு ஊதாப் புள்ளி.
இரண்டு வருசம் இப்பிடி.
இதையும் ஒருவகை அறிமுகம் எண்டுதான்
நினைச்சிருந்தன்.

மார்கழியில் கியர்பெட்டி போச்சு.
யூட்டின்ர கராஜில் வான் ஐஞ்சு நாள்.
மகள் ஆரபியின்ர சைக்கிளை எடுத்தன்.
ரோஸ் நிறம், முன்னுக்குக் கூடை,
சீற் பதிவு, முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும்.

வானுக்குள்ள பாட்டுப் போகும்,
றோட்டுக்குச் சத்தமே இல்லை.
இஞ்ச எல்லாம் பின்னாலதான் நடக்குது.
எஞ்சின் ஒண்டு வருகுது.
பெரிசோ சின்னனோ,
என்னைக் கண்டதோ காணேல்லையோ,
பிடரி மயிர்தான் கணக்குப் பார்க்குது.
கொழும்பு பஸ் ஒண்டு உரசினாப்போல போச்சு.
காற்று முதலில் தள்ளிச்சுது.
பிறகு இழுத்துது.
இழுக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.
இருபத்திரண்டு வருசமாய் ஓடுறன்,
எத்தினை பேரை இழுத்திருப்பன்.

கரைக்கு ஒதுங்கினன்.
மதகுக் கட்டு, உடைஞ்ச போத்தில், மழைவெள்ளம்.
வெள்ளத்துக்குக் கீழ என்ன கிடக்கெண்டு
விழுந்தவனைத்தான் கேக்கவேணும்.

பின்னால ஒரு பெல்.
ஊதா என்னைத் தாண்டிச்சுது.
தாண்டேக்க, திரும்பாமலே,
"அண்ணை, இவ்வளவு கரையால ஓடாதேங்கோ.
கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ.
ஒதுங்க ஒதுங்க
இடம் கிடக்கெண்டு நெருக்கிக்கொண்டு வருவினம்.
சிவப்புக் கீறு போட்ட சாம்பல் வான் ஒண்டு வரும்,
அதுக்குக் கவனம்.
இந்தக் கிழமை காணேல்லை.
ஆரையேன் அடிச்சுப்போட்டு நிக்குதோ தெரியாது."

"ம்" எண்டன்.
வேறென்ன சொல்ல.

வான் வந்த அண்டு பின்னேரம் கழுவினன்.
சிவப்புக் கீறு நான் ஆசைப்பட்டு அடிப்பிச்சது.
அதைத் துடைக்கத்தான்
கன நேரம் எடுத்துது.

திங்கள், ஐஞ்சு ஐம்பது.
சீடி துள்ளிச்சுது.
கை கோர்னுக்குப் போச்சு.
எடுத்திட்டன்.
எதிரில் வாழைக்குலை லொறி,
அது போகட்டும்.
பிறகு வலப்பக்கம் நல்லா வெட்டி
மூண்டு முழம் விட்டுத் தாண்டுவம்.
பூக்காரி இழுத்துப் பிடிச்சு அளக்கிற முழமில்லை,
என்ர கை முழம்.
இப்பிடி யோசிச்சுக்கொண்டு
அவவின்ர வேகத்தில் பின்னால போறன்.
கோண்டாவிலும் கிட்டிட்டுது.

அவ வலக்கையை நீட்டினா.

எனக்குத்தான் எண்டு ஒரு நொடி நினைச்சன்.
இல்லை. ஒழுங்கைக்குத் திரும்ப.
இரண்டு வருசமாய் இந்தக் கை
இதே இடத்தில் நீண்டிருக்கும்.
நான் அதுக்கு முதலே போயிருப்பன்.

பிரேக் போட்டன்.
வெளிச்சத்துக்குக் குறுக்கால போகேக்க
பாதி முகம் தெரிஞ்சுது.
அவ வானைப் பார்த்தா.
காலை ஒருக்கா ஊண்டப் பார்த்து,
பிறகு ஊண்டாமலே மிதிச்சா.

பின்னால பஸ்காரன் கோர்னில் கை வைச்சவன்
எடுக்கேல்லை.
"என்னண்ணை, திரும்பவும் கியர்பெட்டியோ?"
பின்சீற்றில் ஒரு பெடியன்.

"இல்லை" எண்டன்.
"ஆள் திரும்புறா."